ஆட்டு இதயமா, கணினித் திரையா?

பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் விலங்கியல் வகுப்புகளில் விலங்கை அறுத்துப் பார்க்கும் டிசெக்‌ஷனை நிறுத்தச் சொன்னது. உடற்கூறியலையும் உடலியங்கியலையும் இளநிலைப் பிள்ளைகளுக்கு எதை வைத்து நடத்துவது என்ற பேச்சு அதிலிருந்து எங்கள் நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் ஓயவில்லை. தவளை ஆய்வக மேசையை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த இடத்தில் இப்போது கணினி மென்பொருள் இருக்கிறது, பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, கறிக்கடையில் வாங்கும் உறுப்பு இருக்கிறது. முடிவெடுக்கும் முறை வந்தபோது நான் கறிக்கடைப் பக்கம் போனேன்.

மாதிரி பல வருஷம் உழைக்கும், வாடை கிடையாது. மென்பொருளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அறுக்கலாம், ரத்தம் என்றாலே ஒதுங்கும் பிள்ளையும் படித்துவிடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: அந்த உறுப்பு நம் கண்முன் வேலை செய்து காட்டுமா?

ஆட்டு இதயத்தை எடுத்துக்கொள்வோம். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வெட்டுவாயை மேல்நோக்கிப் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் விடுங்கள். அதன் அடியில் இருக்கும் அரைச்சந்திர வால்வின் மூன்று மடல்களும் உப்பி ஒன்றோடொன்று ஒட்டும். தண்ணீர் இடது கீழறைக்குள் (வென்ட்ரிக்கிள்) இறங்காமல் மேலேயே நிற்கும். சற்று நேரத்தில் மட்டம் மெல்லக் குறையும். “வால்வுதான் மூடிட்டே, பெறகு எங்க சார் போகுது?” என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். மடல்களுக்குச் சற்று மேலே இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகளின் வாய் திறந்திருக்கிறது, தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது. இதயம் சுருங்கும்போது பாய்வதைவிட, தளரும்போதுதான் இடப்பக்கத் தசைக்கு அதிக ரத்தம் பாய்கிறது என்ற பாடத்தை அந்த இடத்திலேயே தொடங்கிவிடலாம். அமைப்பும் இயக்கமும் ஒரே மேசையில் சேர்கின்றன. திரையில் அம்புக்குறி ஓடும். ஆனால் இந்தக் கேள்வி அங்கே பிறந்து நான் பார்த்ததில்லை.

நுரையீரலும் அப்படித்தான். மூச்சுக்குழலில் சைக்கிள் பம்பின் குழாயைச் செருகி மெதுவாக அடித்தால் சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக விரியும். வாயால் ஊத விடாதீர்கள். ஆட்டில் வலது மேல் மடலுக்கான கிளை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே தனியாகக் கிளம்புவதைத் தடவிப் பார்க்கலாம். கடையில் விற்கும் மாதிரி பெரும்பாலும் மனித நுரையீரல், அதில் இந்தக் கிளை இராது. விலங்கியல் மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாங்குவதில்தான் கவனம். முதல் நாளே சொல்லாவிட்டால் கடைக்காரர் தமனியை ஒட்ட அறுத்துவிடுவார். “குழாயோட எதுக்கு சார், அதுல கறி ஒண்ணும் கிடையாதே” என்பார் எங்கள் மேலப்பாளையத்து அண்ணாச்சி. நாலு விரற்கடை விட்டு அறுக்கச் சொல்லுங்கள். குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, கொழுப்போடு கேளுங்கள். சுவரொட்டியும் கிடைத்தால் மண்ணீரல் பாடத்துக்கு ஆகும். சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் கொண்டுவந்தால் மதியத்துக்குள் ஆய்வகத்தில் நிற்க முடியாது. கையுறை, சோப்பு, கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைப்பது, இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நரம்புத் தூண்டல், அட்ரினலின் பட்டதும் இதயத்துடிப்பு ஏறுவது போன்றவற்றுக்குச் செத்த உறுப்பு உதவாது. அங்கே மென்பொருளேதான். நான் அதைச் சில பாடங்களுக்கு மட்டுமே பயன்படுத்தியவன், அதனால் எது நல்லது என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். ஹைடல்பெர்க்கில் 1977-ல் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் உருவாக்கிய, திசுவிலுள்ள நீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை ஏற்றும் பிளாஸ்டினேஷன் முறையில் பதப்படுத்திய உறுப்புகள் ஃபார்மலின் ஜாடியைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவற்றைப் பார்த்திருக்கிறேனே தவிர, வைத்துப் பாடம் நடத்தியதில்லை.

பாடத்துக்கென்று ஒரு ஆடும் அறுபடவில்லை, கறிக்கு அறுத்ததில்தான் வாங்குகிறோம். ஆனாலும் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட விருப்பமில்லாத பிள்ளைக்கு அதே மணி நேரத்தில் மாதிரியைக் கொடுங்கள், மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.