புல் நடும் கருவியும் அதன் பாழாய்ப்போன கிளிப்பும்

பொம்மைச் சிப்பாய்கள் நிற்கும் பேஸில், அதாவது அடித்தட்டில், நைலான் புல் நடும் ஸ்டாட்டிக் கிராஸ் அப்ளிகேட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் எர்த் வயரும், வயர் முனையில் தொங்கும் முதலைவாய் கிளிப்பும்தான். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கைப்பிடி சரி, வலை சரி, ஸ்விட்ச் சரி. போன வாரம் அந்த வயர் மறுபடியும் கிளிப்பின் கழுத்தில் அறுந்துபோனதால் தெருமுனை மிக்ஸி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீ வடிகட்டிக்கு எதுக்கு சார் பேட்டரி?" என்றார். பதில் சொல்வதென்றால் 1760-இல் நடந்த வந்தவாசிச் சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கிளிப் மீது ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தக் கருவி வேலை செய்வதே அதை நம்பித்தான். உள்ளே இருக்கும் சர்க்யூட் 9 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, ஒரு முனையை வலைக்குக் கொடுக்கிறது. இன்னொரு முனை கிளிப் வழியாக பேஸில் தடவிய ஈரப் பசைக்குப் போக வேண்டும். அப்போதுதான் வலையில் இருக்கும் நைலான் இழைகள் மின்னேற்றம் பெற்று, பசையை நோக்கிப் பாய்ந்து, குத்திட்டு நிற்கும். பசையில் எர்த் படவில்லை என்றால் இழைகள் மாவு சலித்தாற்போல் சும்மா கீழே விழும்.

இந்தக் கருவி பொம்மைப் படைகளை வைத்துச் சண்டை விளையாடும் நமக்காகச் செய்யப்பட்டதல்ல. மாடல் ரயில் விடுபவர்களுக்காகச் செய்தது. அவர்களுக்கு மேசை அகலத்துக்கு ஒரு மலைச்சரிவு இருக்கும். அதன் நடுவில் ஒரு ஆணியைக் குத்தி, ஆணியில் கிளிப்பை மாட்டிவிட்டு நிம்மதியாகப் புல் தூவுவார்கள். நான் கையில் வைத்திருப்பதோ 25 மி.மீ. வட்ட பிளாஸ்டிக் பேஸ். அதன் மேல் ரெசினில் அச்சடித்த, பிரெஞ்சுப் படையின் லொரேன் ரெஜிமென்ட் சிப்பாய் ஒருவன். இரண்டும் சேர்ந்தாலும் அந்தக் கிளிப்பின் எடை வராது. கிளிப்பில் ஒரு ஊசியைக் கவ்வவைத்து, ஊசியைப் பசையில் வைத்து, கையை எடுத்தால் ஊசி, கிளிப், சிப்பாய் மூவரும் சேர்ந்து சாய்வார்கள். வயர் வேறு விறைப்பான வயர். எந்தப் பக்கம் வளைத்தாலும் தன் பழைய வளைவுக்கே திரும்பும். போதாக்குறைக்கு லொரேன் ரெஜிமென்டின் சட்டை சாம்பல் கலந்த வெள்ளை. ஈரப் பசையோடு கவிழ்ந்தவனைத் தூக்கி நிறுத்தினால் வெள்ளைக் கோட்டில் பாதி வயல் ஒட்டியிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு நீர்த்த பெயின்டில் வாஷ் அடித்து, ஓரங்களுக்கு மறுபடி வெள்ளை ஏற்றி முடிப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று பெயின்ட் அடிப்பவர்களுக்குத் தெரியும்.

எவர்சில்வர் தட்டில் பேஸ்களை வரிசையாக வைத்து, கிளிப்பைத் தட்டின் விளிம்பில் மாட்டிவிடலாம். எல்லோரும் சொல்லும் யோசனைதான், நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். மெல்லிய பிளாஸ்டிக்கையும் தாண்டி மின்புலம் ஓரளவு வேலை செய்கிறது. ஆனால் விளிம்பில் நிற்கும் புல் வெளிப்பக்கமாகச் சாய்கிறது, நடுவில் நிற்பது மட்டும் நேராக இருக்கிறது. 28 மி.மீ. உருவத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

உலோகப் பொம்மைகளில் வேறொரு வேடிக்கை. என் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் எல்லாம் வெள்ளீயக் கலவை வார்ப்பு. அவர்களும் பசையோடு சேர்ந்து எர்த் ஆகிவிடுகிறார்கள். மின்புலம் கூரான முனையில்தான் குவியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை ஒவ்வொரு பயனெட் முனையிலும் முளைக்கும் புல்லாகப் பார்க்கலாம். முதல்முறை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வார்னிஷ் காய்ந்திருந்தால் ஊதினாலே போய்விடும். காயாவிட்டால் இடுக்கி.

இவ்வளவு திட்டிவிட்டு இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், அதற்கு ஒரே பதில், அறுத்த வயலில் மிஞ்சி நிற்கும் அரிதாள்.

வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய நாள் 22 ஜனவரி 1760. தமிழ்க் கணக்கில் தை. சம்பா அறுவடைப் பருவம். அதனால் என் இரு படைகளுக்கும் பேஸை அறுத்த வயலாகச் செய்வது என்று முடிவு செய்தேன். கடையில் கிடைக்கும் புல்லெல்லாம் ஐரோப்பியப் புல்வெளிப் பச்சை. அதை அப்படியே போட்டால் நம் ஊர்ச் சண்டை ஏதோ பவேரியாவில் நடந்த சண்டையாகிவிடும். வைக்கோல் நிறப் புல்லில் மங்கிய பச்சையைக் கொஞ்சமாகக் கலந்தால் சரியாக வருகிறது.

இப்போது அளவு. 28 மி.மீ. உருவங்களை ஏறத்தாழ 1:56 என்று வைத்துக்கொண்டால் 4 மி.மீ. இழை நிஜத்தில் 22 செ.மீ. ஆகிறது. கதிர் அறுத்த பிறகு நிற்கும் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான உயரம் கிடைக்காது. 2 மி.மீ. போட்டால் வரப்புப் புல். 6 மி.மீ. என்றால் சிப்பாய் முழங்காலளவு கோரைக்குள் நிற்பான், ஏரிக்கரை பேஸுக்கு ஆகும். 12 மி.மீ. வாங்காதீர்கள். அது தொடை வரை வரும், நின்ற இடத்தில் நிற்கவும் செய்யாது. சின்ன அளவில் விளையாடுபவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். 6 மி.மீ. உருவங்களுக்கு 2 மி.மீ. இழையே ஆளில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்துவிடும். அவர்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம், தூவி ஒட்டும் பொடியான ஃப்ளாக் போதும்.

அரிதாளுக்குப் பசை வைப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நேர்க்கோட்டில் வரிசையாகப் புள்ளி வைத்துப் புல் நட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கயிறு பிடித்து வரிசையாக நடுவது நம் பக்கத்தில் பரவியதே 1950-களில் ஜப்பானிய முறை என்று பிரசாரம் நடந்த பிறகுதான். லாலியின் ஆட்கள் நடந்த வயலில் வரிசை நடவு இருந்திருக்காது. எனவே பல்குச்சியால் மூன்று, நான்கு மி.மீ. இடைவெளியில், ஒழுங்கில்லாமல், கடுகளவு பசைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குத்து. இடையில் செம்மண் தெரிய வேண்டும். மணல் ஒட்டி, காவியும் பழுப்பும் பூசி, பெயின்டைத் துடைத்தெடுத்த பிரஷால் வெளிர்நிறத்தில் ட்ரை பிரஷ் அடித்து முடித்த பிறகே புல். கருவியை நாலைந்து செ.மீ. உயரத்தில் பிடித்து ஸ்விட்சை அழுத்தியபடி லேசாகத் தட்ட வேண்டும். இழைகள் சர்ரென்று இறங்கி, ஒவ்வொரு புள்ளியிலும் அறுத்த தாளாகவே விறைத்து நிற்கும்.

இதை விரலால் கிள்ளிப் போட்டுச் செய்யவே முடியாது. கையால் போட்டால் இழை படுத்துவிடும். படுத்த இழை பாசியாகத் தெரியும், அரிதாளாகத் தெரியாது. வாங்கியபோது நான் எதிர்பார்த்தது கொஞ்சம் அழகான புல், அவ்வளவுதான். இப்படி ஒரு வயல் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. லொரேன் படையணி அயர் கூட்டின் ரெஜிமென்டை நோக்கி நீண்ட பத்தியாக வருவதை இந்த பேஸ்களோடு மேசையில் வைத்துப் பார்க்கும்போது, பெயின்ட் வேலையில் நான் விட்ட குறையெல்லாம் மறைந்துபோகிறது. பேஸ் நன்றாக இருந்தால் சுமாரான பொம்மையும் தப்பிக்கும் என்று சொல்வார்கள். என் பொம்மைகள் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கின்றன.

டஃப்ட், அதாவது தனித்தனிப் புல் குத்துகள் செய்யவும் உதவுகிறது. தட்டின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, பசைப் புள்ளிகள் வைத்து, புல் தூவிக் காயவைத்து உரித்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் டஃப்ட் அட்டையின் விலையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உருவத்தைப் பேஸில் ஒட்டிய பிறகு டஃப்ட்டைத் தனியாக ஒட்டுவதால் யாரும் கவிழ்வதில்லை, கோட்டும் பிழைக்கிறது.

ஈரக் காற்று இதற்கு எதிரி. கடற்கரை ஊரில் டப்பாவைத் திறந்து வைத்தால் இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக் கட்டியாகிவிடும், மின்னேற்றமும் கசிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை டப்பாவில் போட்டு வைக்கிறேன். மழை நாளில் புல் வேலையே செய்வதில்லை. அந்த நாளில் மேட் வார்னிஷ் ஸ்பிரேயும் அடிக்கக் கூடாது, வெள்ளை பூத்துவிடும். ஆக மழை என்றால் பிரஷ் வேலை மட்டும்.

இனி நண்பன் கேட்ட கேள்வி. அவனிடம் ஹைதர் அலியின் படை இருக்கிறது, 1780-இல் நடந்த புள்ளலூர்ச் சண்டைக்காகத் திப்புவின் ராக்கெட்காரர்களோடு சேர்த்துவருகிறான். இந்தக் கருவி இப்போது விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "வாங்கவாடா?" என்று கேட்டிருந்தான். அவன் செப்டம்பர் வயலுக்கு என்ன நிறம் போடுவது என்பதில் நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அது இருக்கட்டும்.

கொசு பேட்டைப் பிரித்து இதே வேலையைச் செய்யலாம் என்பது மாடல் செய்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த வித்தைதான். அதன் வலைக்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்றை, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள உலோக டீ வடிகட்டியில் இணைக்க வேண்டும். இன்னொன்று குண்டூசிக்கு. என் தம்பி ஒன்று செய்து கொடுத்தான். அதில் வருவது சில ஆயிரம் வோல்ட்தான் என்பதால் வடிகட்டியை இன்னும் கிட்டத்தில் பிடிக்க வேண்டும். 2 மி.மீ. புல் நன்றாக நிற்கிறது, 4 மி.மீ. கொஞ்சம் தலைசாய்கிறது, 6 மி.மீ. வேலைக்கு ஆகாது. ஒரு எச்சரிக்கை: ஸ்விட்சை விட்ட பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு முனைகளையும் தொடவைத்துத் தீர்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இரண்டு கருவிகளின் பக்கமும் போக வேண்டாம்.

அந்தக் கொசு பேட்டில் தம்பி போட்டது நூல் மாதிரி வளையும் மெல்லிய வயர். முனையில் வெறும் குண்டூசி. பேஸ் அசைவதே இல்லை. ஆகவே ரிப்பேர் கடையில் நான் சொன்னது, "பற்றவைக்க வேண்டாம், கிளிப்பையே வெட்டிவிட்டு இப்படி ஒன்று போடுங்கள்." அவர் ஏதோ பழைய ஹெட்போன் வயரை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்டது டீ செலவு. வீட்டுக்கு வந்து ஒரு பேஸ் செய்து பார்த்தேன். ஓரப் புல்கூட நேராக நிற்கிறது. யாரும் கவிழவில்லை. வாங்கிய நாளிலிருந்து இந்தக் கருவி இவ்வளவு நன்றாக வேலை செய்ததே இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஒரு துண்டு வயரும் ஒரு குண்டூசியும் செய்யும் காரியத்துக்கு, அட்டைப் பெட்டியின் மேல் சிப்பாய்ப் படம் போட்டு விற்கிறவர்கள் ஒரே ஒருமுறை ஒரு சிப்பாயை வைத்துச் சோதித்திருந்தால் போதுமே. ரயில்காரர்களுக்குச் செய்ததைப் பெட்டி மாற்றி நம் தலையில் கட்டிவிட்டு, விலையையும் ஏற்றி, இப்போது பெரிய மனதோடு குறைக்கிறார்கள்.

ஆகவே நண்பா, வாங்காதே. கொசு பேட்டைப் பிரி. 6 மி.மீ. கோரை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை உன் பேஸ்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா, இதிலேயே நட்டுக்கொள்ளலாம். கருவியை மட்டும் இரவல் கேட்காதே, தர மாட்டேன்.