மாணவர் இசை இதழ்: டிடிபி கடையா, கேன்வாவா, ஸ்க்ரைபஸா?

கும்பகோணத்தில் எங்கள் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இசை இதழ் ஒன்று கொண்டுவருகிறார்கள். 32 பக்கம். நாகஸ்வரம், தவில், ஓதுவார் பாட்டு, திருவிழாவில் வாசிப்பவர்களின் பேட்டி, கொஞ்சம் சினிமா இசை எல்லாம் கலந்து இருக்கும். எழுதுவது, படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, கடைசியில் இதழ் எப்படி வந்திருக்கிறது என்று மதிப்பிடுவது, எல்லாமே அவர்கள் வேலை. நான் கூட நிற்கிற ஆசிரியர். ஆரம்பத்தில் டிடிபி கடையில், அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தரும் கடையில், பக்கம் கட்டினோம். அப்புறம் இணையத்திலேயே பக்கம் வடிவமைக்கும் கேன்வா. இப்போது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் இலவசப் பக்கம் கட்டும் மென்பொருளான ஸ்க்ரைபஸ். மூன்றிலும் இதழ் கொண்டுவந்துவிட்டதால், இதே வேலையில் இறங்கப்போகும் மற்ற கல்லூரிக்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்க்ரைபஸ்தான். காரணம் அழகோ விலையோ இல்லை, திருத்தம்.

டிடிபி கடையின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆபரேட்டருக்குக் கை வேகம். மடிப்புக்கு எவ்வளவு விடுவது, நடுவில் பின் அடித்தால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக ஏன் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தட்டச்சு செய்த கையோடு பக்கமும் கட்டிக் கொடுத்துவிடுவார். தேர்வு நெருங்கிவிட்டது, ஆள் இல்லை என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் நாங்கள் போன கடையில் இருந்தது பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தெரியாத மென்பொருள். பழைய எழுத்துருவில் அடிக்கும் தமிழ், திரையிலும் தாளிலும்தான் தமிழ். கோப்புக்குள்ளே அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கோவை. வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அந்த எழுத்துரு இல்லாமல் ஒரு சொல்லும் படிக்க முடியாது. அதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இருக்கின்றன, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி. பாதி வேலை அதில் நடக்கும். மீதியை எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு தவில் வித்வானின் பேட்டியை இணையத்தில் போட வேண்டுமென்றால் முதலிலிருந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது எனக்கு மிகவும் வருத்தம். எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. இன்டிசைன் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் யூனிகோடு வைத்து வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்குப் போனதும் முதல் கேள்வியாக அதைக் கேட்டுவிடுங்கள்.

கேன்வா வந்ததும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். லேப்டாப் இல்லாதவர்கள்கூடக் கைபேசியில் பக்கம் கட்டினார்கள். பாபநாசத்திலிருந்து ஒருவர், மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் என்று இரவில் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே பக்கத்தில் வேலை செய்ய முடிந்தது. இந்த ஒரு வசதியில் மற்ற இரண்டும் கிட்டவே வர முடியாது. அட்டைக்கும் சுவரொட்டிக்கும் இன்றைக்கும் நாங்கள் கேன்வாதான்.

உள்பக்கம் என்று வரும்போதுதான் சங்கடம். அங்கே ஒவ்வொரு எழுத்துப் பெட்டியும் தனித்தனி. மூன்று பக்கப் பேட்டியின் முதல் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தால், மிஞ்சியதை வெட்டி அடுத்த பக்கத்தில் ஒட்டி, அங்கே மிஞ்சியதை அதற்கடுத்த பக்கத்தில் ஒட்டி என்று கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஸ்க்ரைபஸில் சட்டகங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் எழுத்து தானாக வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும், வாய்க்காலில் மடை திறந்த மாதிரி.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், மாணவர் இதழ் உருவாவதே திருத்தத்தில்தான். முதல் வரைவை அச்செடுத்து நான்கு பேரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம்: இசை தெரிந்தவர் ஒருவர், இசையே தெரியாதவர் ஒருவர், கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், அடுத்த ஆண்டு இதழை நடத்தப்போகும் மாணவர் ஒருவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் முதலில் நிறுத்தினீர்கள், எதைப் படிக்காமல் புரட்டினீர்கள், எந்த வரியை இரண்டாம் முறை படித்தீர்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் பற்றிய கட்டுரையைச் சொல்கிறேன். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைவது. மாணவர்கள் நல்ல படம் எடுத்திருந்தார்கள். நீளமான வாத்தியம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் குறுக்காகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். திரையில் பார்க்க அற்புதமாக இருந்தது. வரைவை வாங்கிப் பார்த்த நாகஸ்வர வித்வான் கட்டுரையைப் படிக்கவே இல்லை. விரலால் படத்தைத் தடவிக்கொண்டே போய், நடு மடிப்பில் நிறுத்தினார். “ஏழு விரல் துளைல ஒண்ணு எங்கம்மா?” என்றார். மடிப்புக்குள் போய்விட்டிருந்தது. அணசுப் பக்கம், அதாவது கீழே விரிந்திருக்கும் வாய்ப் பக்கம், இருக்கும் துளைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

படத்தை நகர்த்த வேண்டும், ஒரு பத்தி சேர்க்க வேண்டும், பின்னால் வரும் இரண்டு பக்கமும் தள்ளிப் போகும். கடை என்றால் தாளில் சிவப்பு மையால் குறித்து எடுத்துப்போய், ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேறு கல்யாணப் பத்திரிகை வேலையில் இருந்தால் காத்திருந்து செய்ய வேண்டும். இதில் நேரம் போவதுகூடப் பரவாயில்லை. ‘மறுபடி போகணுமா, இது இப்படியே இருக்கட்டும் சார்’ என்று பிள்ளைகளே விட்டுவிடுவார்கள். அதுதான் கெடுதல். மதிப்பீட்டில் ஒருவர் சொன்ன நல்ல யோசனை, திருத்துவது சிரமம் என்பதாலேயே வீணாகப் போகும். ஸ்க்ரைபஸில் அந்தப் பக்கத்தைக் கட்டிய மாணவியே படத்தை ஒரு பக்கத்துக்குள் செங்குத்தாக நிறுத்தி, புதுப் பத்தியையும் சேர்த்து, அன்று மாலையே அடுத்த வரைவை அச்செடுத்துவிட்டாள்.

எழுத்தின் அளவும் அப்படித்தான். கண்ணாடி போட்ட பெரியவர் சிறிய எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். எழுத்தின் அளவையும் இடைவெளியையும் இதழ் முழுக்கவும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பத்திப் பாணியில் 9 புள்ளியை 10.5 ஆக்கி, வரி இடைவெளியை 15 ஆக்கியதும் இதழ் முழுக்க மாறிவிட்டது. தமிழுக்குக் கொம்பும் சுழியும் அதிகம் என்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக இடம் விட வேண்டும். நெருக்கினால் கீழ்வரியின் தலை மேல்வரியின் காலில் இடிக்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த ஆண்டு ஒரு பக்கத்தில் 1775, இன்னொரு பக்கத்தில் 1776 என்று இருந்ததையும் மதிப்பீட்டில்தான் பிடித்தார்கள். இரண்டும் நூல்களில் இருக்கின்றன. ஒரே இதழில் இரண்டும் இருக்கக் கூடாது.

இசை இதழுக்கே உரிய இன்னொரு தலைவலி ஸ்வரக் குறிப்பு, அதாவது பாட்டை ஸ, ரி, க, ம என்ற ஸ்வர எழுத்துகளில் எழுதிக் காட்டுவது. மேல் ஸ்தாயிக்கு (உயர்ந்த சுருதி அடுக்குக்கு) ஸ்வரத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி, வேகம் கூடினால் மேலே கோடு. ‘ஸ’, ‘ப’ தலையில் புள்ளி வைக்க மெய்யெழுத்துப் புள்ளியை அடித்துவிடலாம்; பாட்டுப் படித்தவர்கள் அதை ஸ்தாயிப் புள்ளியாகவே படித்துக்கொள்வார்கள். ஆனால் ‘ரி’க்கும் ‘நி’க்கும் அதே விசையை அழுத்தினால் புள்ளி எழுத்தின் மேல் உட்காராது. பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைத்து அதன் தலையில் போய் நிற்கும். கேன்வாவில் புள்ளியையும் கோட்டையும் தனி வடிவங்களாக வரைந்து எழுத்தின் மேல் வைத்தோம். ஒரு ஸ்வரத்தைத் திருத்தினால் எழுத்து நகரும், புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். தார ஷட்ஜத்தின் (மேல் ஸ்தாயி ‘ஸ’) புள்ளி பக்கத்து நிஷாதத்துக்கு (‘நி’) போய்விடும். இசை இதழில் இது அச்சுப்பிழை அல்ல, பாட்டே தப்பு. ஸ்க்ரைபஸில் புள்ளியைச் சிறு படமாக வரிக்குள்ளேயே ஒட்டிவிடலாம். எழுத்து நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். இடைவெளியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்வது பொறுமை வேண்டும் வேலை. ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு நகலெடுத்து ஒட்டுவதுதான். நீண்ட கீர்த்தனை முழுவதற்கும் நாங்கள் இதைச் செய்ததில்லை. பல்லவி அளவுக்குச் செய்திருக்கிறோம், அது நன்றாக வந்தது.

ஸ்க்ரைபஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் பார்ப்பவர்களை மிரட்டும். கைபேசியில் ஓடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்ய முடியாது. யார் கையில் கோப்பு இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதி வைக்கிறோம். பதிப்பு விஷயத்தில் கவனம் வேண்டும்: பழைய 1.4-இல் தமிழ் உடையும், ‘கெ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும், புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. வரியை இருபுறமும் நெருக்கிச் சமன்செய்தால், நீளமான தமிழ்ச் சொற்கள் வருமிடத்தில் நடுவில் வெள்ளை ஓட்டை விழும். நாங்கள் இடப்பக்கம் மட்டும் சீராக விட்டுவிட்டோம்.

இன்டிசைன் இதைவிட வழவழப்பானது என்று பயன்படுத்துபவர்கள் சொல்கிறார்கள். நான் அதில் கைவைத்தது குறைவு. சந்தா கட்டும் கல்லூரி என்றால் யோசிக்கலாம். மாணவர் படித்து வெளியே போனதும் சந்தா போய்விடும் என்பது என் தயக்கம். வண்ண அச்சைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. எங்கள் உள்பக்கம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும்தான் வண்ணம். பிரதிகள் நூறு, இருநூறு என்றால் டிஜிட்டல் அச்சு. ஆயிரக்கணக்கில் என்றால் ஆஃப்செட்.

ஆகவே, எட்டுப் பக்கத்தில் படங்கள் மிகுந்த இதழ், கைபேசியில் மட்டும் படிக்கப்போகிறார்கள் என்றால் கேன்வாவே போதும், யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு மலர், அதற்குப் பிறகு இதழ் வராது என்றால் நல்ல கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வரப்போகும் இதழ், கட்டுரைகள் நீளம், மாணவர்களே மதிப்பிட்டுத் திருத்தப்போகிறார்கள் என்றால் ஸ்க்ரைபஸைக் கற்றுக்கொள்ளச் செலவாகும் நேரம் வீணாகாது.

இதழ் அச்சுக்குப் போனதும் ஒரு வேலையை மறக்க வேண்டாம். ஸ்க்ரைபஸில் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் திரட்டித் தரும் வசதி இருக்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களை மட்டும் பயன்படுத்தியிருந்தால் அந்த ஃபோல்டரை உரிமச் சிக்கல் இல்லாமல் யாருக்கும் கொடுக்கலாம். முதல் வரைவின் பிடிஎஃபையும், நான்கு வாசகர்கள் சொன்னதை எழுதிய தாள்களின் படத்தையும் அதே ஃபோல்டரில் போட்டு அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கிறோம். எங்கள் மாணவர்களின் மதிப்பீட்டுக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதும் அதை வைத்துத்தான்: முதல் வரைவுக்கும் அச்சான இதழுக்கும் நடுவே எது மாறியது, யார் சொல்லி மாறியது, சொல்லியும் மாற்றாமல் விட்டது எது, ஏன்.