காரைக்குடியில ஒரு இங்கிலீஷ் டியூஷன்: ரூல்ஸ் ஜாஸ்திதான், சேக்கலாமா?

பத்தாவது பப்ளிக் எழுதப்போற புள்ளைக்கு இங்கிலீஷுக்கு மட்டும் காரைக்குடியில எங்க சேக்கலாம்னு தெரிஞ்சவங்க ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிப் போட்டுடறேன். செக்காலை ரோட்டுலேர்ந்து உள்ள திரும்புற ஒரு தெருவுல பழைய வீடு, வாசல்ல போர்டு எதுவும் கிடையாது, சாயங்காலம் வரிசையா நிக்கிற சைக்கிளைப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். நடத்துறவுக கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவுக. பேரு போட வேணாம்னுட்டாக, நம்ம டீச்சர்னே சொல்லிக்குவோம். எங்க சின்னவ ஒம்போதாவதுல சேந்தா, இப்ப பத்தாவது.

சேக்கப் போனா பீஸ் எவ்ளோன்னுதான நம்ம மொதல்ல கேப்போம், அதுக்கு அவுக பதிலே சொல்லல, ஒரு பேப்பரை எடுத்து கையில குடுத்து வீட்டுக்குப் போயி படிச்சுட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாக. ஒரு பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் அதே சங்கதி தமிழ்ல. கீழ மூணு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கு, புள்ளைக்கு ஒண்ணு, பெத்தவங்களுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணு. அந்த மூணாவதுதான் எனக்குப் புதுசு. ஏன்னா டீச்சர் என்னென்ன செய்யணும்னும் அதுலயே போட்டிருக்கு, வாங்குன காம்போசிஷன் நோட்டை ஒரு வாரத்துக்குள்ள திருத்திக் குடுத்துடணும், ஒரு புள்ளையோட மார்க்கை இன்னொரு புள்ள காதுல விழுற மாதிரி வாசிக்கக்கூடாது, யாரையும் யாரோடயும் ஒப்பிட்டுப் பேசக்கூடாது. ஊர்ல எத்தனையோ டியூஷன் பாத்தாச்சுங்க, எல்லா இடத்துலயும் புள்ளைக்கு ரூல்ஸ் போடுவாங்க, தனக்குத்தானே போட்டுக்கிட்ட ஆளை நான் இங்கதான் பாத்தேன். பேப்பர்ல மட்டும் இல்ல, நோட்டும் சொன்ன கிழமைக்கு வந்துடுது, ஒருதடவை காய்ச்சல்னு லேட் ஆனதுக்கு புள்ளைககிட்ட சாரி கேட்டாகளாம்.

சின்னச் சின்ன ரூலெல்லாம் நீங்க எதிர்பாக்குறதுதான். போன் கொண்டு வந்தா முகப்புல ஒரு மரப்பெட்டி இருக்கு அதுல போட்டுட்டுதான் உள்ள போகணும். கிராமருக்கு ஒரு நோட்டு, எழுதறதுக்கு ஒண்ணு, புது வார்த்தைக்கு ஒண்ணு. கைடு உள்ள வரவே கூடாது. பீஸ் பத்தாந்தேதிக்குள்ள. இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

சிரிக்கக்கூடாதுங்கற ரூல்தான் முக்கியமானது, அதைக் கொஞ்சம் வெவரமா சொல்லணும். இங்க வர்ற புள்ளைக எல்லாம் ஒரே மாதிரி இல்ல. நம்ம ஊரு எப்டின்னு தெரியும்ல, ஒரு பக்கம் யுனிவர்சிட்டி, சிக்ரிங்கற சென்ட்ரல் கவர்மென்ட் ஆராய்ச்சி நிலையம்னு வெளிமாநிலத்துலேர்ந்து வேலைக்கு வந்தவங்க புள்ளைக, அதுகளுக்கு வீட்லயே இங்கிலீஷ் புழங்குது. பெரிய வீட்டுப் புள்ளைக சிலதுக்கு சொந்தமெல்லாம் சிங்கப்பூர் மலேசியாவுல, லீவுக்குப் போயிட்டு வந்து சரளமா பேசும். இன்னொரு பக்கம் புதுவயல், கோட்டையூர் பக்கத்துலேர்ந்து டவுன் பஸ் புடிச்சு வர்ற கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைக, தமிழ் மீடியம், எழுதச் சொன்னா எழுதிப்புடும் ஆனா வாயத் தொறக்காது. ரெண்டு செட்டையும் ஒரே வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்தைச் சுத்தி இருக்கற இடத்துல, ஆத்தங்குடி தரைக்கல்லு மேல பாய விரிச்சு கலந்துதான் உக்கார வைக்கிறாக, இடத்தை வாராவாரம் மாத்தி விட்டுடுவாக. அப்ப என்ன ஆகும்? ஒருத்தன் தப்பா பேசுனா இன்னொருத்தன் சிரிப்பான். அந்தப் பேப்பர்ல பெரிய எழுத்துல இருக்கறது இது ஒண்ணுதான்: அடுத்தவங்க இங்கிலீஷைப் பாத்து சிரிக்கக்கூடாது. மீறுனா அடி கிடையாது பைன் கிடையாது, சிரிச்ச ஆளு எந்திரிச்சு அதே தலைப்புல ரெண்டு நிமிஷம் நிறுத்தாம பேசணும், அம்புட்டுதான். எங்க சின்னவ சொன்னா, நல்லா இங்கிலீஷ் பேசற பையன் ஒருத்தன் சிரிச்சுப்புட்டு எந்திரிச்சு நின்னானாம், தலைப்பு எங்க ஊர்த் திருவிழா, அரை நிமிஷத்துல சரக்கு தீந்து போயி முழிச்சானாம். தப்புத் தப்பா பேசுன பய பால்குடம், கரகம், ராட்டினம்னு இன்னும் பேசிக்கிட்டே இருந்திருப்பான். அதுக்கப்புறம் அந்த பேட்ச்ல சிரிப்புச் சத்தம் இல்லையாம்.

தமிழ் பேசக்கூடாதுன்னு ரூல் இல்லங்கறதையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா கேக்கற எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. சில இடத்துல தமிழ்ல ஒரு வார்த்தை வந்தா பத்து ரூபா வைங்கறாங்க, புள்ள பாவம் வாயையே மூடிக்கிது, அதுக்கு எதுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். இங்க சந்தேகத்தைத் தமிழ்ல கேக்கலாம், பதிலை இங்கிலீஷ்ல சொல்ல முயற்சி பண்ணணும், பாதியில மாட்டிக்கிட்டா தமிழ்ல முடிச்சுக்கலாம், டீச்சர் அந்த மிச்சத்தை இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டுவாக, திருப்பிச் சொல்லிட்டு உக்காரணும். இந்த ஒரு வேலையாலதான் எங்க வீட்டுப் புள்ளைக்கு வாய் தொறந்துச்சு.

அடுத்தது திருத்துற முறை, மொதல் மாசம் இதைப் பாத்துட்டு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நோட்டுல தப்புக்கு அடிக்கோடு மட்டும் போட்டு ஓரத்துல ஒரு எழுத்து எழுதியிருக்கும், டென்ஸ் தப்புன்னா ஒரு எழுத்து, ஸ்பெல்லிங்னா ஒண்ணு, ஆர்டிகிள்னா ஒண்ணு. சரியானதை எழுதித் தர மாட்டாக, புள்ளயேதான் கண்டுபிடிச்சு கீழ திரும்ப எழுதணும், அப்பதான் மார்க். காசு வாங்கிட்டு பாதி வேலைதான பாக்குறாகன்னு எனக்குத் தோணுச்சு, எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாக. ஆனா பத்தாவது கொஸ்டின் பேப்பரை எடுத்துப் பாத்தா இதுக்கு அர்த்தம் இருக்கு. மொத்தம் 100 மார்க்கு, முன்ன ரெண்டு பேப்பரா இருந்ததை இப்ப ஒண்ணாக்கிட்டாங்க. ஒரு மார்க்கு கேள்வி 14, ரெண்டு மார்க்குல 10 எழுதணும், அஞ்சு மார்க்குல 10, எட்டு மார்க்குல ரெண்டு. அந்த அஞ்சு மார்க்கு பகுதி மட்டும் 50, அங்கதான் லெட்டர், நோட்டீஸ், படத்தைப் பாத்து எழுதறது, தப்பைக் கண்டுபிடின்னு குடுக்கற அஞ்சு வரி எல்லாம் கெடக்கு. இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போக முடியுமா? தன் நோட்டுல தன் தப்பையே தேடிப் பழகுன புள்ளைக்கு அந்த அஞ்சு வரி சும்மா. வழி சொல்ற கேள்வி ஒண்ணு வரும்ல, ரோட் மேப், அதைக் கூட பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கொப்புடையம்மன் கோயிலுக்கு எப்டிப் போறதுன்னு ஒரு புள்ள சொல்ல இன்னொரு புள்ள கரும்பலகையில கோடு போடணும், தப்பா சொன்னா கோடு எங்கிட்டோ போயிரும், அது ஒண்ணுக்கு மட்டும் எல்லாரும் சிரிக்கலாமாம்.

தினம் அரைப்பக்கம் டைரி எழுதணும். எதைப் பத்தி வேணா எழுதலாம், ஆனா சொந்தமா. கைடுலேர்ந்தோ ஏஐலேர்ந்தோ எடுத்துட்டு வந்தா உடனே தெரிஞ்சுடுதாம். ஒரு பொண்ணு தண்ணி சேமிக்கிறதைப் பத்தி ஏஐ எழுதுன கட்டுரையை அப்டியே காப்பி பண்ணி நீட்டிருக்கு, டீச்சர் திட்டவும் இல்ல, பூஜ்யமும் போடல. அந்த நோட்டை மூடி ஓரமா வச்சுட்டு, உங்க வீட்ல மழைத்தண்ணி எங்க விழுகுது, எங்க சேருது, அதை மட்டும் பத்து வரி எழுதுன்னு அங்கயே உக்கார வச்சுட்டாக. வானம் தெரியற வளவு வச்ச வீடு, மழை பேஞ்சா நாலு பக்கமும் ஓட்டுலேர்ந்து உள்ள கொட்டும், கிடாரத்தை வச்சுப் புடிப்பாங்க, அந்தப் பொண்ணு அதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கிடுச்சு.

இவ்ளோ பாராட்டுனாலும் ஒரு ரூல்ல எனக்கும் அவுகளுக்கும் இன்னும் ஒத்துப்போகல. கிளாஸ் சாயங்காலம் அஞ்சே முக்கால். பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டுன்னா உள்ள விடமாட்டாக, பாதி நேரம் முடிஞ்சு இடைவேளை விடற வரைக்கும் திண்ணையில உக்காந்து ரீடிங் புக்கைப் படிக்கணும். டவுனுக்குள்ள சைக்கிள்ல வர்ற புள்ளைக்கு இது சரி. பஸ்ஸை நம்பி வர்ற புள்ளைக்கு எப்டிங்க சரியாகும், பஸ் ஒரு நாளைக்கு வரும் ஒரு நாளைக்கு வராது, வந்தாலும் முகூர்த்த நாள்னா கூட்டத்துல நிக்காமப் போயிடும். சிரிக்கக்கூடாதுன்னு அந்தப் புள்ளைகளுக்காகத்தான் ரூல் போட்டாக, லேட்டுக்கு திண்ணையில உக்கார்றதும் பெரும்பாலும் அதே புள்ளைகதான், இது டீச்சர் கண்ணுக்குத் தெரியாம இல்ல. கேட்டேன். ஒருத்தருக்குத் தளர்த்துனா நாளைக்கு சைக்கிள் புள்ளையும் பஸ்ஸுங்கும், வேணும்னா ஞாயித்துக்கிழமை காலை பேட்ச்சுக்கு மாத்திக்குங்க ஆச்சின்னாக. சில பேரு மாத்திக்கிட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமைன்னா வாரத்துக்கு ஒரே கிளாஸ், மத்ததுக்கு மூணு, அது எப்டி ஈடாகும். இதுல என் ஓட்டு டீச்சருக்கு இல்ல.

லீவு விஷயத்துல மட்டும் நம்ம ஊருப் பழக்கம் புரிஞ்சு வச்சிருக்காக. கல்யாணம், சாந்தி (அறுபதாங் கல்யாணம் மாதிரி), வீட்டு விசேஷம்னா நம்மாளுக ஒரு நாள்ல முடிக்க மாட்டோம்ல, அதுக்கு முன்கூட்டி ஒரு லீவு லெட்டர், புள்ளயே இங்கிலீஷ்ல எழுதணும், விட்ட பாடத்தை யாருகிட்டேர்ந்து வாங்கப்போறேன்னு அதுலயே பேரு போட்டுடணும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவும் பப்ளிக் எக்ஸாமும் கிட்டக்கிட்ட வருதா, பாதிப் புள்ளைக்கு பால்குடம் வேண்டுதல் இருக்கும், அந்த வாரத்துக்குன்னு தனி டைம்டேபிளே வச்சிருக்காக.

பெத்தவங்களுக்கு உள்ள ரூலைப் படிச்சுட்டு சில பேருக்கு மூஞ்சி சுருங்குது. கிளாஸ் நடக்கையில வாசல்ல நின்னு எட்டிப் பாக்கக்கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் கூடாது, எம்புள்ள எத்தனாவது ரேங்க்னு கேக்கக்கூடாது. அந்தப் புள்ள எவ்ளோ இந்தப் புள்ள எவ்ளோன்னு கேட்ட ஒரு அப்பாவை, ஒங்க கையெழுத்து இருக்கு பாருங்கன்னு பேப்பரை எடுத்துக் காட்டிட்டாக. ரேங்க் கேக்காம நம்ம ஊர்ல ஒரு தாய் தகப்பன் எப்டித் தூங்கறதுங்கறது வேற விஷயம்.

மார்க்கு ஏறுமான்னு கேட்டா, ஏறும், ஆனா மெதுவா. எங்களுக்கு காலாண்டுல ஒண்ணும் பெருசா தெரியல, அரையாண்டுலதான் வித்தியாசம் தெரிஞ்சுச்சு, அதுவும் எழுதற பகுதியில. மனப்பாடப் பாட்டு, சப்ளிமென்டரி கதை இதுலெல்லாம் டீச்சர் அவ்வளவா நேரம் செலவழிக்கறதில்ல, அது ஸ்கூல்ல பாத்துக்குவாங்கன்னு விட்டுடறாக, வீட்ல நாமதான் ஒப்பிக்கச் சொல்லணும். முக்கியக் கேள்வின்னு லிஸ்ட் தர்றதும் இல்ல. அதனால 35 வாங்கி பாஸானா போதும், ரெண்டு மாசத்துல ஆகணும்னு நெனைக்கிறவங்க ஜனவரியில வந்து நிக்காதீங்க, சேக்கவும் மாட்டாக. ஜனவரியிலேர்ந்து அங்க மாடல் டெஸ்ட்தான், ஹால்ல குடுக்கற மாதிரியே மூணு மணி நேரம், அதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்க பத்து நிமிஷம், வெவரம் எழுத அஞ்சு நிமிஷம்னு மணி பாத்து நடக்கும்.

மாசம் 700 ரூபா, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் வந்தா ரெண்டாவதுக்கு பாதி. ஒம்போதும் பத்தும் மட்டும்தான், பிளஸ் ஒன் பிளஸ் டூ எடுக்கறதில்ல. ஒரு பேட்ச்சுக்கு இருவது பேருக்கு மேல சேக்கறதில்லங்கறதால ஜூன்லயே நெறைஞ்சுடுது. தெரு குறுகலு, கார் எடுத்துட்டுப் போகாதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணைக் குறைச்சது அந்த திண்ணைக்குத்தான். கேக்கப் போறப்ப புள்ளையக் கூட்டிட்டே போங்க, டீச்சர் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல, புள்ளைகிட்டதான் பேசிப் பாப்பாக, அப்ப பக்கத்துல நின்னுக்கிட்டு நம்ம பதில் சொல்லக்கூடாது, அதுவும் ஒரு ரூல்.