பின்விளக்கில் எல்இடி பல்பு: ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

என் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கில் இருந்த இழை பல்பை எடுத்துவிட்டு, அதே ஹோல்டரில் பொருந்தும் சிவப்பு எல்இடி பல்பை மாட்டி, மழையிலும் இருளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். 12 வோல்ட் பழைய பல்பில் 5 வாட் இழை தொடர்ந்து எரியும். பிரேக் பிடித்தால் 21 வாட் இழையும் எரியும். அந்த இழை சூடேறி முழு ஒளி தர ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கிறது, எல்இடியோ உடனே ஒளிர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது 3 மீட்டருக்கும் மேற்பட்ட தூரம் என்பதால், இந்த மாற்றத்தின் முதன்மையான பயனாக இதையே கருதுகிறேன்.

முதலில் வாங்கிய வெள்ளை எல்இடி ஏமாற்றமளித்தது: சிவப்பு மூடி அதன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட, விளக்கு வெளிறித் தெரிந்தது. ஆனால், நம்பர் பிளேட்டுக்கும் அதே பல்பே ஒளி தரும் வண்டிகளில் சிவப்பு பல்பைப் போடக்கூடாது, ஏனெனில் எண்கள் வெள்ளை ஒளியில்தான் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நுனியில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் எல்இடிகள் உள்ள பல்பையே தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் பிரதிபலிப்பான் இருண்டு, நடுவில் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். எனக்குள்ள ஒரே குறை, சாதாரண ஒளிக்கும் பிரேக் ஒளிக்கும் உள்ள வேறுபாடு நண்பகல் வெயிலில் சற்றுக் குறைவாக இருப்பதுதான்.