ரன்னிங் போர்டு மாத்தித் தர்றேன்னு 24,000 வாங்கிட்டு, தகரத்தை ஒட்டி அனுப்பிட்டாங்க

2024 பிப்ரவரியில் பஞ்சரான டயரைக் கழற்ற ஜாக்கி வைத்தேன். ஜாக்கி ஏறுது, வண்டி ஏறலை. குனிந்து பார்த்தால், கதவுக்குக் கீழே இருக்கிற ரன்னிங் போர்டுக்குள்ளேயே ஜாக்கியின் தலை புகுந்திருக்கு. அப்பளம் நொறுங்குகிற சத்தம். கையை விட்டேன், உள்ளங்கை நிறையத் துரு.

வண்டி 2004 மாருதி 800. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது, அதனால் விற்கிற பேச்சே எங்கள் வீட்டில் எடுபடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கதவில் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்ஜினைச் சரி செய்தோம், சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தோம். ரன்னிங் போர்டுக்குள் போன தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. அது உள்ளே வெற்றுப் பெட்டி மாதிரி இருக்கும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் கிளம்புகிற நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும்.

இந்த மாதிரிக் கார்களுக்கு லாரி மாதிரித் தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். ரன்னிங் போர்டு என்பது கால் வைத்து ஏறுகிற படி இல்லை. வண்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. பக்கவாட்டில் ஒருத்தன் வந்து இடித்தால் அடி வாங்குவதும் அதுதான். எனக்கு இதெல்லாம் முதலிலேயே தெரிந்திருந்தால் விலையை மட்டும் பார்த்திருக்க மாட்டேன்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் 45,000 சொன்னார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா தெரியாது. வீட்டுப் பக்கத்தில் ஒரு டிங்கரிங் கடையில் 24,000. "ரெண்டு பக்கமும் கட் பண்ணிப் புதுசு போட்டுடலாம் சார். ஃப்ளோர்ல ரெண்டு எடத்துல பேட்ச். அடியில அண்டர்கோட்டிங் அடிச்சிட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். அட்வான்ஸ் 15,000, ஜிபே. பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி போட்டா உங்களுக்குத்தான் சார் செலவு." நானும் மண்டையை ஆட்டினேன்.

நடுவில் ஒரு நாள் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "வெல்டிங் நடக்குது சார், நெருப்பு பறக்கும், போட்டோ அனுப்புறேன்" என்றார். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. புதுத் தகடு, வரிசையாக வெல்டிங் பொட்டு, பார்க்கவே நிறைவாக இருந்தது. அந்தப் படத்தில் திறந்த கதவு வழியாகச் சிவப்பு சீட் கவர் தெரிகிறது. எங்கள் வண்டியில் பழுப்பு. இதை நான் கவனித்தது எட்டு மாதம் கழித்து!

பதினோரு நாளில் வண்டி வந்தது. பளபளவென்று பெயின்ட், அடியில் தார் மாதிரிக் கறுப்பாக அண்டர்கோட்டிங். ஏப்ரலில் ஆர்.சி புதுப்பிக்க எஃப்.சி காட்டினோம் (15 வருஷத்துக்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்டணுமே, அதற்கு). பாஸாகிவிட்டது. அதையே வேலைக்குக் கிடைத்த சர்டிஃபிகேட் மாதிரி எடுத்துக்கொண்டேன். கறுப்புப் பூச்சுக்குக் கீழே தகடு இருக்கிறதா தகரம் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கவா போகிறார்கள்?

அக்டோபர் மழையில் டிரைவர் பக்கம் கால்மிதி நனைந்திருந்தது. புழுங்கின வாடை. கடைக்காரரைக் கூப்பிட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், கதவு பீடிங் பாருங்க."

பீடிங் என்கிற கதவோர ரப்பரை மாற்றினேன், 600 ரூபாய் போனதுதான் மிச்சம். பிறகுதான் சென்னை புதுப்பேட்டையில் டிங்கரிங் செய்கிற ஒரு வயதான பாயிடம் காட்டினேன். அவர் மேஜையிலிருந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து ரன்னிங் போர்டில் வைத்தார். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் நழுவியது. கதவுத் தூணில் வைத்தார், டப்பென்று பிடித்தது. "தம்பி, இது வண்டி இல்ல, பொம்மை" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். நேராக உள்ளே போனது.

பிரித்தபோது வந்தவை: விரல் தடிமனுக்குப் பட்டி, அதாவது பெயின்ட்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற மாவு. காந்தம் ஒட்டாதது அதனால்தான். அதற்கு அடியில் ஏ.சி டக்ட் அடிக்கிற மெல்லிசான ஜி.ஐ தகடு, ஒரு சாணுக்கு ஒரு பொட்டு வெல்டிங், மிச்சம் ரிவிட். அதற்கும் அடியில், வெட்டாமல் விட்ட பழைய துருப்பிடித்த ரன்னிங் போர்டு. அதற்குள் ஆசாரிகள் கதவு நிலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஃபோம், ஸ்பான்ஜ் மாதிரி தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. வடிகால் ஓட்டை ஒன்றுகூட இல்லை. மீதியிருந்த இரும்பும் எட்டு மாதமாக அந்த ஈரத்தில் ஊறியிருக்கிறது.

பாய் 31,000 கேட்டார். மலிவாகச் செய்ய வழி இருக்கிறதா என்றேன். பெயின்ட்டைக் குறைக்கலாம், இரும்பைக் குறைக்க முடியாது என்றார். அதனால் கீழே சாதாரணக் கறுப்புப் பெயின்ட்தான். இதே மாடலுக்கென்று வருகிற ரன்னிங் போர்டு தகடு கடைகளில் கிடைக்கிறது, ஒரு பக்கத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது. காசு போவதெல்லாம் கூலிக்கு. அவர் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார், கார்ப்பெட்டை உருவினார், அடியில் ஓடுகிற பெட்ரோல் லைனை ஒதுக்கினார். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு பைப்பை வெல்டு வைத்தார். அது இல்லாமல் வெட்டினால் பாடி தொங்கிப்போய், அப்புறம் கதவு சாத்தாதாம். ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். நல்ல இரும்பு வருகிற வரை வெட்டி, சி.ஓ.டூ வெல்டிங். பட்டி போடுவதற்கு முன்னால் போன் செய்து, "வந்து பாத்துட்டுப் போ தம்பி, அப்புறம் மூடிடுவேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

பழைய கடை பேரை இங்கே போடவில்லை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே கணக்கும், சிவப்பு சீட் கவர் படம் உட்பட வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடணும். கடைக்காரருக்குப் பிரித்த படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

இடது பக்கம் முடிந்துவிட்டது, வலது பக்கம் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கிறது. பிரித்ததையெல்லாம் பாய் ஒரு சிமென்ட் சாக்கில் போட்டு, "ஆதாரம், தூக்கிப் போட்டுடாதே" என்று டிக்கியில் வைத்தார். இப்போது அது எங்கள் பால்கனியில் இருக்கிறது. அம்மா தினமும் ஒரு தடவை அதை எப்போது எடுப்பேன் என்று கேட்கிறார்.