இருபது வருடத்துக்குப் பிறகும் அதே கொள்கையா? ஒரு மரபு நெல் கடையின் மதிப்பீடு

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பக்கம், சாலையோர ஓட்டுக் கட்டடத்தில் இருக்கிறது கடை. முன்பக்கம் அரிசி, அவல், மாவு. பின்பக்கம் நெல் மூட்டைகளும் உமி நீக்கும் சிறிய மில்லும். நடத்துகிறவர்கள் கணவன் மனைவி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய காலத்தில் இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள், இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட கடைகளைப் பற்றி டெல்டாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "அப்ப இருந்த வேகம் இப்ப இல்ல, வயசாச்சு, புள்ளகுட்டி, கடன், எல்லாம் யாவாரமா போச்சு" என்பதுதான். வயசின் மேல் இப்படிப் பழி போடுவது சரியில்லை. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் இறந்தபோது அவருக்கு 75 வயது. டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக அப்போதும் ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மரபு நெல் விதைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018-இல் மறையும் வரை விதையை விடவில்லை. கொள்கை போய்விட்டதா என்று பார்க்க உரிமையாளரின் நரைமுடியைப் பார்த்துப் பயனில்லை. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் விதை, ஏனென்றால் இந்தக் கடையின் உயிர் அதுதான். 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஜெயராமனின் முறையையே இவர்களும் பின்பற்றுகிறார்கள். 2 கிலோ என்ன காணும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ போதும். ஆரம்பத்தில் திரும்பி வந்த விதையை எல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கிப் பொதுவில் கொட்டியிருக்கிறார்கள். விளைவு, நாலைந்து ஆண்டில் எல்லா ரகத்திலும் கலவன், அதாவது வேற்று ரக நெல், ஏறிவிட்டது. இப்போது அப்படி இல்லை. ஒரு பெரியவர் தூயமல்லி ரக விதை கொண்டுவந்தார். கடைக்கார அம்மா ஒரு கைப்பிடி எடுத்து, பலகையில் வைத்து, கட்டையால் தேய்த்து உமியை ஊதினார். வெள்ளை அரிசிக்கு நடுவே மூன்று சிவப்பு மணி.

"மாமா, இது விதைக்கு ஆவாது. அரிசிக்குப் போட்டுக்குறேன்."

"மூணே மூணு மணி தானேம்மா?"

"இந்த வருஷம் மூணு. அடுத்த வருஷம் வயல்ல எத்தனன்னு எண்ண முடியாது. மிஷின் அறுப்பா மாமா?"

மிஷின் அறுப்புதான். கலவனுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: முந்தைய வயலில் அறுத்த நெல் இயந்திரத்தின் உள்ளே தங்கி, அடுத்த வயலின் முதல் மூட்டைகளில் வந்து விழும். விதைக்கு வைக்கிறவர்கள் வரப்போரம் சுற்றிலும் விட்டு, வயலின் நடுப்பகுதியைக் கையால் அறுத்து, தனிக் களத்தில் அடிக்க வேண்டும். பக்கத்து ரகத்துக்கும் இதற்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். பூக்கும் சமயம் ஒரு முறை, அறுப்புக்கு முன் ஒரு முறை வயலில் இறங்கி உயரம், கதிர், உமி நிறம் மாறியவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இதை எல்லாம் பொறுமையாகச் சொல்லித்தான் பெரியவரை அனுப்பினார்கள். சுவரில் தொங்கும் ரகப் பட்டியல் முன்பைவிடப் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதைக் கொள்கைச் சரிவு என்று சொல்ல மாட்டோம். கலப்பில்லாமல் காப்பாற்ற முடிகிற அளவுக்கு நிறுத்திக்கொண்டது, முப்பது ரகத்தைப் பெயருக்கு வைத்திருப்பதைவிட நேர்மையான வேலை.

விதை வாங்குபவர்கள் வீட்டில் செய்ய வேண்டியது: 100 மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் பதம் வந்ததும் விதையைக் கொட்டி, மேலே மிதப்பதைத் தள்ளிவிட்டு, அடியில் தங்குவதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

அடுத்து பாலிஷ், அதாவது அரிசி மேல் உள்ள தவிட்டைத் தீட்டி எடுப்பது. ஆரம்ப நாளில் "பாலிஷ் போட்ட அரிசி இந்தக் கடையில் கிடையாது" என்று பலகையே வைத்திருந்தவர்கள். இன்று தூயமல்லியிலும் கிச்சிலிச் சம்பாவிலும் ஒரு பாலிஷ் போட்டதும் கிடைக்கிறது. பழைய ஆட்கள் முகம் சுளிப்பது இதற்குத்தான். ஆனால் பல் இல்லாத பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் முழுத் தவிட்டு அரிசியை மூன்று வேளையும் போட முடியாது. முடியாதபோது அந்தக் குடும்பம் மரபு ரகத்தையே விட்டுவிடும், விவசாயிக்கும் வாங்க ஆள் குறையும். ஆகவே பலகையை எடுத்தது சரியான முடிவு. ஒரு பாலிஷ் என்று சொல்வது ஒரு பாலிஷ்தானா என்பதுதான் கேள்வி. அரிசியின் ஒரு முனையில் உள்ள முளைப் பகுதி பெரும்பாலான மணிகளில் ஒட்டியிருக்கிறது, மேலே தவிட்டுக் கோடுகள் தெரிகின்றன. சொல்வது உண்மை.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோ நெல்லில் உமி 20 கிலோவுக்கு மேல் போகும். பாலிஷ் போட்டால் தவிடாக இன்னும் 8, 10 கிலோ போகும். எனவே ஒரே ரகத்தில் பாலிஷ் அரிசி, தவிட்டு அரிசியைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் வர வேண்டும். சில கடைகளில் தலைகீழாக இருக்கும், அங்கே ரகம் வேறாக இருக்கலாம். இங்கே கணக்கு பொருந்துகிறது.

தவிட்டு அரிசியின் பெரிய தொல்லை காறல் வாடை. உமி நீங்கியதும் தவிட்டில் உள்ள எண்ணெய் கெடத் தொடங்கும். பச்சரிசியில் சீக்கிரம், புழுங்கலில் மெதுவாக. பெரிய கடைகளில் அரைத்து மாதக்கணக்காக அடுக்கி வைத்திருப்பதுதான் பலர் மரபு அரிசியை ஒரு முறை வாங்கிவிட்டுக் கைவிடக் காரணம். இவர்கள் நெல்லாகவே மரப்பலகை மேல் அடுக்கி வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அரைக்கிறார்கள். மூட்டையில் அரைத்த தேதி எழுதியிருக்கிறது. பச்சரிசி என்றால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா நன்றாக இருக்கிறது, இருமுறை சமைத்தும் ஒரே பதம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு நான்கு தண்ணீர், குக்கரில் ஆறேழு விசில். நீராகாரத்துக்கு இதைவிடச் சிறந்தது கடையில் இல்லை. புட்டு மாவு வேண்டாம்; சலித்த சீர் சரியில்லை, கொழகொழக்கிறது.

மனம் வருந்திச் சொல்ல வேண்டியது கருப்புக் கவுனியைப் பற்றி. அரிசியில் குறை இல்லை. பற்களால் கடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை, நிறம் தவிட்டில் மட்டும். ஊறிய தண்ணீர் ஊதா. அதில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாகிறது, சமையல் சோடா போட்டால் நீலப்பச்சை ஓடுகிறது. செயற்கைச் சாயம் ஏற்றியது என்றால் பெரும்பாலும் இப்படி மாறாது. குறை லேபிளில். முன்பு சாக்கில் விளைந்த ஊரின் பெயரை மையால் எழுதியிருப்பார்கள். இப்போது பளபளக்கும் பாக்கெட்டில் ஊர் இல்லை, "சர்க்கரை நோய்க்கு மருந்து" என்ற வரி இருக்கிறது. கவுனியும் அரிசிதான், மாவுச்சத்துதான். வெள்ளை அரிசியைவிட மெதுவாகச் சர்க்கரை ஏறலாம், மருந்து ஆகாது. இந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் ஒருவர் இருந்தாலும் அது பெரிய பாவம். இவர்கள் பாலிஷ் போட்டதிலோ கார்டு மெஷின் வைத்ததிலோ கொள்கையை விடவில்லை, இந்த ஒரு வரியில் விட்டிருக்கிறார்கள். வயசும் இதற்குக் காரணமில்லை. பாக்கெட் வடிவமைத்துத் தரும் இடத்தில் எல்லாருக்கும் போடும் வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சொன்னதும் அந்த அம்மா மறுக்கவில்லை, இருக்கிற கவர் தீர்ந்ததும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். தீரும் வரை காத்திராமல் ஒரு ஸ்டிக்கரை மேலே ஒட்டலாம்.

நெல் போடும் விவசாயிக்கு எடை போட்ட அன்றே பணம். இதை மூன்று விவசாயிகளிடம் தனித்தனியாகக் கேட்டாயிற்று, மூவரும் ஒன்றையே சொன்னார்கள். ஈரப்பதம் அதிகம் என்றால் விலையை அடித்துப் பேசாமல் களத்தில் இன்னொரு வெயில் காட்டச் சொல்கிறார்கள். நெல்லைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும் என்பது அவர்கள் அளவு. முன்னோடிகள் எத்தனையோ பேர் தடுமாறிய இடம் இந்தப் பணப் பட்டுவாடாதான், இவர்கள் இதில் ஒரு போகத்துக்குக்கூட நழுவவில்லை என்பதே எங்களைத் திரும்ப இந்தக் கடைக்குப் போகச் சொல்கிறது.

போகிறவர்களுக்கு: அரிசி பொன்னியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. ஞாயிறு விடுமுறை. மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் பயிர் என்பதால் விதைக்கு ஆடியிலேயே போய்விடுங்கள், ஆவணி கடைசியில் வாங்கி விதைத்தால் அறுப்பு மாசியில் தள்ளிப்போகும். துணிப்பை கொண்டுபோனால் சாக்கிலிருந்து அளந்து தருவார்கள். எந்த ஊர் நெல் என்று கேளுங்கள். பாக்கெட்டில் இல்லாவிட்டாலும் அவர்கள் நோட்டில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறார்கள்.