வண்டில எல்ஈடி சிக்னல் படபடன்னு அடிக்குதா: ரெசிஸ்டரா, ஃப்ளாஷரா?

பழைய 21 வாட் பல்ப் இழுத்த கரண்டை எல்ஈடி இழுக்காது, அதான் ஃப்ளாஷர் (சிக்னல விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலே) பல்ப் போயிருச்சுன்னு நெனச்சு வேகமா அடிக்குது. கொறஞ்ச கரண்ட இழுக்க 6 ஓம் ரெசிஸ்டரை பல்போட ரெண்டு வயருக்கும் குறுக்க, பேரலலா குடுத்தா சரியாயிரும், ஆனா 12 வோல்ட்ல எரியுற நேரமெல்லாம் 24 வாட் சும்மா சூடா போகுது, ரம்பொட மலைப்பக்கம் மிஸ்ட்டுல ஹசார்ட் (நாலு சிக்னலும் சேந்து அடிக்கிறது) போட்டுக்கிட்டே ஏறுற நம்ம ஆளுங்களுக்கு (அந்தப் பழக்கமே தப்பு, அது வேற கத) நாலு ரெசிஸ்டரும் கொதிக்கும், பிளாஸ்டிக்ல முட்டுனா உருகிரும், அதனால வண்டி பாடி தகரத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்கணும்.

த்ரீவீல், பழைய வேன்னா எல்ஈடி ஃப்ளாஷர்தான் நான் சொல்லுவேன். பழச கழட்டிட்டு சொருகுனா வேல முடிஞ்சுது, எத்தன பின், எர்த் வயர் இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க. நெறைய புதுக் கார்ல தனி ஃப்ளாஷரே இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர், அங்க ரெசிஸ்டர்தான்.